ஜப்பானியக் கடற்படையின் கப்பல் கட்டும் திட்டங்களை வாசிக்கும் முறை: 1922 முதல் 1945 வரை

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் போரின்போதும் ஜப்பான் வகுத்த கடற்படை விரிவாக்கத் திட்டங்களைப் படிக்கத் தொடங்கும் பலர் கப்பல்களின் பெயர்ப் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். யமாட்டோ போர்க்கப்பலின் பீரங்கி எத்தனை சென்டிமீட்டர், ஷோகாக்கு என்ற விமானந்தாங்கி எத்தனை விமானங்களைச் சுமந்தது என்று தொகுத்துக்கொண்டே போகிறார்கள். ஆனால் அந்தக் கப்பல் ஏன் அந்த ஆண்டில் கேட்கப்பட்டது, ஏன் அதற்குப் பின் கேட்கப்பட்டது வரவேயில்லை என்ற கேள்விகளுக்கு அந்தத் தொகுப்பில் விடை கிடைப்பதில்லை. ஒரு கட்டுமானத் திட்டம் என்பது மூன்று தனித்தனி ஓட்டங்கள் சந்திக்கும் இடம்: நாடாளுமன்றம் ஒதுக்கும் பணம், கப்பல் தளத்தில் காலியாகும் கட்டுமேடை, ஆலைகளிலிருந்து வந்து சேரும் எஃகும் இயந்திரங்களும். இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் திட்ட அட்டவணைகளைத் தாமாகவே வாசிக்க முடியும். அதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தங்களைக் கையில் எடுங்கள்

1922 பிப்ரவரியில் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தத்தைப் படிக்காமல் அடுத்த பதினைந்து ஆண்டுகளின் எந்தத் திட்டத்தையும் புரிந்துகொள்ள இயலாது. பெரும் போர்க்கப்பல்களில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000 டன் என்று அது வரம்பு வைத்தது. விமானந்தாங்கிக் கப்பல்களில் முறையே 1,35,000 டன்னும் 81,000 டன்னும். எட்டுப் போர்க்கப்பல்கள், எட்டுப் போர்க் குரூசர்கள் கொண்ட 'எட்டு-எட்டு' கடற்படையை அமைக்க 1920இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்திருந்த நிலையில், அந்தத் திட்டம் அப்படியே கைவிடப்பட்டது. பாதியில் நின்ற கப்பல்களில் சில விமானந்தாங்கிகளாக மாறின. அக்காகி அவற்றுள் ஒன்று. அதனுடன் மாற்றப்படவிருந்த அமாகி 1923 செப்டம்பரின் பெரும் காந்தோ நிலநடுக்கத்தில் சேதமடைந்ததால், உடைக்கப்படவிருந்த காகா அதன் இடத்தைப் பிடித்தது.

இங்கே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: எழுபது விழுக்காடு. பசிபிக்கைக் கடந்து வரும் அமெரிக்கக் கடற்படையை வழியிலேயே சிறிது சிறிதாகத் தேய்த்து, இறுதியில் ஒரே பெரும் போரில் முறியடிக்க வேண்டுமானால், அதன் வலிமையில் குறைந்தது எழுபது விழுக்காடு தம்மிடம் இருக்க வேண்டும் என்பது ஜப்பானியக் கடற்படையின் உறுதியான கணக்கு. வாஷிங்டனில் கிடைத்ததோ அறுபது. மீதமுள்ள பத்தை ஒப்பந்தம் மொத்த டன்னுக்கு வரம்பு வைக்காத வகைகளில் ஈடுகட்டும் முயற்சியாகவே 1920களின் கனரகக் குரூசர்களையும் (போர்க்கப்பலைவிடச் சிறிய, வேகமான கலங்கள்) பெரிய நாசகாரிகளையும் (டார்பிடோக்கள் ஏந்திய, குரூசரைவிடச் சிறிய கலங்கள்) நெடுந்தூர நீர்மூழ்கிகளையும் வாசிக்க வேண்டும். 1930 ஏப்ரலின் லண்டன் ஒப்பந்தம் அந்த வகைகளுக்கும் வரம்பு விதித்தபோது, கடற்படைக்குள் ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே விழுந்த பிளவு அரசியலையே உலுக்கியது. அதே ஆண்டு நவம்பரில் பிரதமர் ஹமாகுச்சி தோக்கியோ இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். 1934 டிசம்பரில் வாஷிங்டன் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக ஜப்பான் அறிவித்தது. 1936 முடிவோடு வரம்புகள் காலாவதியாயின.

கேட்டவர் யார், வரைந்தவர் யார், பணம் தந்தவர் யார்

எந்தத் திட்டத்தை எடுத்தாலும் அதில் மூன்று அலுவலகங்களின் கைவண்ணம் இருக்கும். எத்தகைய கப்பல் எத்தனை வேண்டும் என்று கேட்டது குன்ரேய்பு எனப்பட்ட போர்த் திட்டத் தலைமையகம். அந்தக் கோரிக்கையை வரைபடமாக்கியது கான்பொன் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட தொழில்நுட்பத் துறை. நிதியமைச்சகத்தோடு பேரம் பேசி, பல ஆண்டுகளுக்கான தொடர் செலவினமாக நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது கடற்படை அமைச்சகம். கேட்கப்பட்டதற்கும் ஒதுக்கப்பட்டதற்கும் இடையே எப்போதும் இடைவெளி இருக்கும் என்பதால், உங்கள் குறிப்பேட்டில் இரண்டையும் வேறு வேறு பத்தியில் எழுதுங்கள். ஜப்பானிய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதையும் மறக்கக் கூடாது. ஆவணத்தில் ஷோவா 12 என்றிருந்தால் 1925ஐக் கூட்டி 1937 என்று கொள்ளலாம், ஆனால் அந்த நிதியாண்டு 1938 மார்ச் வரை நீளும்.

1931 முதல் வந்த திட்டங்கள் வட்டத்துக்குள் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டதால் 'மாரு' 1, 2, 3, 4 என்று வழங்கப்படுகின்றன. 1931இன் முதல் திட்டமும் 1934இன் இரண்டாம் திட்டமும் ஒப்பந்த வரம்புக்குள் திணறியவை. முதலாவதில் மொகாமி வகைக் குரூசர்கள் நான்கு; இரண்டாவதில் சோரியூ, ஹிரியூ ஆகிய விமானந்தாங்கிகளும் தோனே, சிக்குமா ஆகிய குரூசர்களும். 1937இன் மூன்றாம் திட்டம் வரம்பு நீங்கிய பின் வந்த முதல் திட்டம். யமாட்டோ, முசாஷி, ஷோகாக்கு, ஸுயிகாக்கு நான்கும் அதில் பிறந்தவை. 1939இன் நான்காம் திட்டத்தில் ஷினானோவும் தைஹோவும் வருகின்றன.

ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் ஓர் அமெரிக்கச் சட்டத்தை எழுதி வைத்துப் பாருங்கள். 1934இன் வின்சன்-டிராமெல் சட்டம், 1938இன் இரண்டாம் வின்சன் சட்டம், 1940 ஜூலையின் இரு பெருங்கடல் கடற்படைச் சட்டம். கடைசியாகச் சொன்னது ஒரே அடியில் எல்லா வகைப் போர்க்கலங்களுக்கும் சேர்த்து 13,25,000 டன்னுக்கு அனுமதி அளித்தது. ஜப்பான் தனக்கு வேண்டும் என்று கணக்கிட்ட எழுபது விழுக்காடு இனி எட்டாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1941இல் போரைத் தொடங்கும் முடிவில் இந்தக் கணக்குக்கு இருந்த பங்கை, எண்ணெய்த் தடைக்கு இருந்த பங்குக்குக் குறையாததாகவே நான் கருதுகிறேன்: காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் விகிதம் மோசமாகும் என்று அறிந்த ஒரு கடற்படையின் அவசரம் அது.

அட்டவணை மறைப்பதைக் கண்டுபிடித்தல்

இந்தத் திட்டங்களின் அட்டவணைகள் வெளிநாட்டாரை மட்டுமல்லாமல் சொந்த நாடாளுமன்றத்தையும் ஏமாற்றும் வகையில் எழுதப்பட்டவை என்பதால், எதையும் முகமதிப்பில் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாம் திட்டத்தில் இரண்டு போர்க்கப்பல்கள் 35,000 டன் எடையுள்ளவை என்று காட்டப்பட்டன. உண்மையில் அவற்றின் நிலையான எடையே 60,000 டன்னுக்கு மேல். இந்த வேறுபாட்டுக்கான செலவை எங்காவது ஒளிக்க வேண்டுமல்லவா? அதே திட்டத்தில் ககேரோ வகை நாசகாரிகள் 18 என்று எழுதப்பட்டிருக்கிறது, கட்டப்பட்டவை 15. எஞ்சிய மூன்றும் காகிதத்தில் மட்டுமே மிதந்தவை. ஆகவே ஒரு வகையில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கும் கட்டப்பட்ட எண்ணிக்கைக்கும் வேறுபாடு கண்டால், ரத்து என்று உடனே எழுதிவிடாமல், அந்தப் பணம் எங்கே போயிருக்கும் என்று தேடுங்கள்.

எடைக் கணக்கிலும் கவனம் தேவை. ஒப்பந்தங்கள் பேசியது எரிபொருள் சேர்க்காத நிலையான எடையை. ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது எரிபொருளும் பிற நுகர்பொருள்களும் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய சோதனை ஓட்ட எடையை. முழுச் சுமை எடை இவ்விரண்டையும் விடக் கூடுதல். மூன்றில் எது என்று குறிப்பிடாத ஒரு டன் எண்ணை அட்டவணையில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

கப்பலின் பெயரும் ஒரு தடயம். போர்க்கப்பல்களுக்குப் பழைய மாகாணங்களின் பெயர், கனரகக் குரூசர்களுக்கும் போர்க் குரூசர்களுக்கும் மலைகளின் பெயர், இலகுரகக் குரூசர்களுக்கு ஆறுகளின் பெயர் என்பது பொது வழக்கம். மொகாமி ஓர் ஆறு. ஆனால் போர்க்காலத்தில் அது எட்டு அங்குல (20.3 சென்டிமீட்டர்) பீரங்கிகளோடு கனரகக் குரூசராக நிற்கிறது. காரணம், 15.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் 15 பொருத்தி இலகுரகக் குரூசராக அது பதிவாயிற்று. பின்னர் அந்தக் கோபுரங்கள் அகற்றப்பட்டு 20.3 சென்டிமீட்டர் இரட்டைப் பீரங்கிகள் வந்தன. காகாவும் ஷினானோவும் விமானந்தாங்கிகளாக இருந்தும் மாகாணப் பெயர்களைத் தாங்குவது, அவை போர்க்கப்பல்களாகத் தொடங்கப்பட்டவை என்பதால்.

இன்னொரு வகை மறைப்பு மேலும் சுவையானது. ஒப்பந்தம் விமானந்தாங்கிகளுக்கு வரம்பு வைத்ததால், சில மாதங்களில் விமானந்தாங்கியாக மாற்றத்தக்க துணைக் கப்பல்களைக் கட்டி வைத்தார்கள். நீர்மூழ்கிகளுக்கான தாய்க்கப்பல்களாக அட்டவணையில் இருந்த சுருகிசாக்கியும் தக்காசாக்கியும் பின்னர் ஷோஹோ, ஸுயிஹோ என்ற விமானந்தாங்கிகளாயின. தைகேய் என்பது ரியூஹோ ஆயிற்று. கடல்விமானத் தாய்க்கப்பல்களான சித்தோசேயும் சியோதாவும் போரின் நடுவில் மாற்றப்பட்டன. வணிகக் கப்பல் நிறுவனங்களுக்கும் இதே நோக்கத்தோடு மானியம் அளிக்கப்பட்டது. பயணிகள் கப்பல்களாகத் தொடங்கிய காஷிவாரா மாருவும் இசுமோ மாருவும் ஜூன்யோ, ஹியோ என்று கடற்படையில் சேர்ந்தன. ஆகையால் 1930களின் விமானந்தாங்கி வலிமையை மதிப்பிடும்போது, அந்தத் தலைப்பின் கீழ் உள்ளவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு குறைந்துவிடும். அதே வேளையில் மாற்றம் எளிதென்றும் எண்ணிவிடக் கூடாது: தைகேயின் மாற்றத்துக்கு டீசல் இயந்திரங்களைக் கழற்றி நாசகாரிகளின் நீராவி விசையாழிகளைப் பொருத்த வேண்டியிருந்தது, இடையே 1942 ஏப்ரலில் யொகோசுக்காவில் அமெரிக்கக் குண்டு ஒன்றும் விழுந்தது, ஏறக்குறைய ஓர் ஆண்டு கழிந்த பிறகே கப்பல் வெளியே வந்தது.

வடிவமைப்பின் விலை

ஒப்பந்த வரம்புக்குள் அதிக ஆயுதங்களைத் திணித்ததன் பலன் 1934 மார்ச்சில் தெரிந்தது. தொமோசுரு என்ற சிறிய டார்பிடோ படகு புயலில் கவிழ்ந்தது. மேற்பாரம் கூடி நிலைத்தன்மை இழந்த வடிவமைப்பு என்று விசாரணை கண்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நான்காம் கடற்படைப் பிரிவு சூறாவளிக்குள் சிக்கியபோது, ஹத்சுயூக்கி, யூகிரி ஆகிய நாசகாரிகளின் முன்பகுதியே முறிந்து போனது. வேறு பல கப்பல்களின் பற்றவைப்பு இணைப்புகளில் விரிசல் கண்டது. இந்த இரு நிகழ்வுகளுக்குப் பின் ஏற்கெனவே சேவையில் இருந்த ஏராளமான கப்பல்கள் தளத்துக்குத் திரும்பி வலுப்படுத்தப்பட்டன. 1935 முதல் 1938 வரையிலான கட்டுமான வேகத்தை ஆராய்பவர்கள் இந்தத் திருத்த வேலைகள் விழுங்கிய ஆள் உழைப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பற்றவைப்பின் மீது ஏற்பட்ட அவநம்பிக்கை போர்க்காலம் வரை நீடித்தது என்பதும் பின்னால் உதவும்.

கட்டுமேடை நாட்காட்டி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்குமானால் இதைச் செய்யுங்கள். ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் கப்பல் தளங்களை எழுதுங்கள்: அரசின் நான்கு தளங்களான யொகோசுக்கா, குரே, சாசெபோ, மைசுரு, தனியாரில் மிட்சுபிஷியின் நாகசாக்கி, கவாசாக்கியின் கோபே ஆகிய இரண்டும் முதன்மை. மேலே மாதங்களை எழுதி, ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் அடிச்சட்டம் இட்ட நாள், நீரில் இறக்கிய நாள், சேவையில் சேர்ந்த நாள் மூன்றையும் கோடாக வரையுங்கள். முதல் இரண்டு நாட்களுக்கு இடையில் கப்பல் மேடையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த இரண்டுக்கு இடையில் துறைமேடையையும் தொழிலாளர்களையும் எடுத்துக்கொள்கிறது.

இப்போது கோபேயைப் பாருங்கள். ஸுயிகாக்கு 1939 நவம்பர் இறுதியில் நீரில் இறங்குகிறது. சில நாட்களிலேயே இசுமோ மாருவின் அடிச்சட்டம் இடப்படுகிறது. அது 1941 ஜூனில் இறங்க, ஜூலையில் தைஹோ தொடங்குகிறது. தைஹோ 1939இன் திட்டத்தில் இருந்தும் 1941 வரை ஏன் தொடங்கவில்லை என்ற கேள்விக்கு இந்த வரிசை பெரும்பகுதி விடை சொல்லிவிடுகிறது. குரேயில் யமாட்டோ 1940 ஆகஸ்டில் கட்டுத்துறையை விட்டு வெளியேறியபின் நவம்பரில் 111ஆம் எண் கப்பல், அதாவது யமாட்டோ வகையின் நான்காம் கப்பல், தொடங்கப்பட்டது. அது பாதியில் நிறுத்தப்பட்டு உடைக்கப்பட்டது. ஷினானோவுக்காக யொகோசுக்காவில் புதிய உலர்துறையே தோண்டப்பட்டது. நாகசாக்கியில் முசாஷி இருந்த மேடையை நகரத்தின் கண்களிலிருந்து மறைக்கக் கயிற்றுத் திரைகள் தொங்கவிடப்பட்டன.

கோடுகளின் நீளத்தை அளந்தால் இன்னொன்று புலப்படும். யமாட்டோவுக்கு 49 மாதங்கள், முசாஷிக்கு 52. ஷோகாக்குவுக்கு 44, ஸுயிகாக்குவுக்கு 40, தைஹோவுக்கு 32. ஹிரியூவின் வரைபடத்தை எளிமையாக்கிக் கட்டிய உன்ரியூவுக்கு 24. ஒப்பிட அமெரிக்காவின் எசெக்ஸ் விமானந்தாங்கியை வைத்துக்கொள்ளுங்கள்: 1941 ஏப்ரலில் தொடங்கி 1942 டிசம்பர் கடைசி நாளில் சேவைக்கு வந்தது, 20 மாதங்கள். மிட்வே கடற்போரில் 1942 ஜூனில் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தபின் ஜப்பான் தன் ஐந்தாம் திட்டத்தைத் திருத்தி எழுதி, உன்ரியூ வகையில் மேலும் 15 கப்பல்களைக் கோரியது. நாட்காட்டியைப் பார்த்தவருக்கு அந்தக் கோரிக்கையின் பொருள் உடனே தெரியும்: அவசரமாகத் தொடங்கினாலும் முதல் கப்பல் 1944இன் நடுப்பகுதிக்கு முன் வராது. உன்ரியூ 1944 ஆகஸ்ட் 6 அன்று வந்தது. பிலிப்பைன் கடற்போர் அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பே முடிந்து, விமானிகளும் தீர்ந்திருந்தனர். அந்த வகையில் அடிச்சட்டம் இடப்பட்டவை ஆறு, முடிந்தவை மூன்று. விசையாழிகள் கிடைக்காததால் கத்சுராகிக்கு நாசகாரிகளின் இயந்திரத் தொகுதிகளைப் பொருத்தினார்கள். மேடை இருந்தும் இயந்திரம் இல்லாத நிலை அது. நாட்காட்டியில் இயந்திரங்களுக்கும் ஒரு வரிசை வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

பழுதுபார்ப்பையும் மாற்றங்களையும் வேறு நிறத்தில் வரையுங்கள். பவளக் கடல் போரில் சேதமுற்றுத் திரும்பிய ஷோகாக்கு, விமானத் தளம் பெற்ற மொகாமி, பின்புறப் பீரங்கிகளை இழந்து பாதி விமானந்தாங்கிகளான இசேயும் ஹியூகாவும், எல்லாம் அதே தொழிலாளர்களையும் அதே எஃகையும் பங்கு கேட்டவை. ஷினானோவின் கதை இந்த நெருக்கடியின் உச்சம். போர்க்கப்பலாகத் தொடங்கி, மிட்வேக்குப் பின் விமானந்தாங்கியாக மாற்றப்பட்டு, 1944 நவம்பர் 19 அன்று அவசரமாகச் சேவையில் சேர்க்கப்பட்டு, பத்தே நாட்களில் ஆர்ச்சர்ஃபிஷ் என்ற நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.

போர்க்காலத் திட்டங்களும் வணிகக் கப்பல்களும்

1941க்குப் பிந்தைய திட்டங்களை வாசிக்கும்போது கேட்கப்பட்டது, ஒப்பந்தமிடப்பட்டது, தொடங்கப்பட்டது, முடிந்தது, கைவிடப்பட்டது என ஐந்து பத்திகள் வேண்டும். ஐந்தாம் திட்டத்தில் 51 சென்டிமீட்டர் பீரங்கிகள் தாங்கும் போர்க்கப்பல்கள்கூட இருந்தன, அவை தொடங்கப்படவேயில்லை. இந்தத் திட்டத்தைப் போர் தொடங்கும் முன்பே, 1941 ஜனவரியில், விமானப் பிரிவின் தலைவராக இருந்த இனோவே ஷிகேயோஷி கடற்படை அமைச்சருக்கு அளித்த குறிப்பில் கடுமையாகச் சாடினார். அமெரிக்காவோடு கப்பலுக்குக் கப்பல் போட்டியிடுவது வீண் என்றும், விமானங்களும் கடல்வழிப் பாதுகாப்பும் முதன்மை பெற வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அவரைக் கேட்டார்களா என்பதை அட்டவணையே காட்டும்: போர் தொடங்கியபோது வணிகக் கப்பல்களுக்குக் காவல் செல்வதற்கென நவீனமாகக் கட்டப்பட்டிருந்த ஷிமுஷு வகைக் கப்பல்கள் வெறும் நான்கு.

நாசகாரிகளில் இந்த மனமாற்றத்தை இரு கப்பல்களை அருகருகே வைத்துக் காணலாம். நான்காம் திட்டத்தின் ஷிமாகாசே 15 டார்பிடோக் குழாய்களோடு சோதனையில் மணிக்கு 40 கடல்மைல் வேகத்தைத் தாண்டிய அற்புதம். பின்னர் கேட்கப்பட்ட 16 கூட்டாளிகளும் ரத்தாயின. 1943இல் வந்த மாட்சு வகையோ மணிக்கு 28 கடல்மைல் வேகம், சாதாரண எஃகு, எளிய வளைவுகள், சில மாதங்களில் முடியும் வேலை. அதன் பின்வந்த தச்சிபானா வகையில் பாகங்களைத் தனித்தனியாகப் பற்றவைத்து மேடையில் சேர்க்கும் முறை பெரிதும் கையாளப்பட்டது. 1935இல் கைவிட்ட பற்றவைப்புக்கு ஜப்பான் திரும்பி வந்தபோது நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. காவல் கப்பல்களிலும் இதே கதை: சி, டி என்ற எளிய வகைகள் நூற்றுக்கும் மேல் கட்டப்பட்டன, ஆனால் கடல்வழிக் காவலுக்கான தனித் தலைமையகமே 1943 நவம்பரில்தான் அமைந்தது.

கடைசி வரிசை வணிகக் கப்பல்களுக்கானது; பலர் இதை வரைவதில்லை. போரின் தொடக்கத்தில் ஜப்பானிடம் சுமார் 60 லட்சம் டன் வணிகக் கப்பல்கள் இருந்தன. நாட்டின் பொருளாதாரத்துக்கு மட்டும் 30 லட்சம் டன் தேவை என்று திட்டமிட்டவர்கள் கணித்தார்கள். மீதியைத் தரைப்படையும் கடற்படையும் எடுத்துக்கொண்டன. முதல் ஆண்டில் இழப்பு 8 முதல் 10 லட்சம் டன் வரை இருக்கும் என்பது மதிப்பீடு, அந்த ஆண்டுக்கு அது ஏறத்தாழச் சரியாகவும் இருந்தது. பிழை அடுத்த ஆண்டுகளில். 1942இல் வணிகக் கப்பல் கட்டுமானமும் கடற்படையின் கட்டுப்பாட்டுக்குள் வந்து, போர்க்கால நிலைவடிவக் கப்பல்கள் கட்டப்பட்டன. இரட்டை அடித்தளம்கூட இல்லாத அவசரக் கப்பல்கள். 1944இல் கட்டப்பட்டது சுமார் 17 லட்சம் டன், இழந்தது ஏறக்குறைய 38 லட்சம் டன். எஃகுக்கான தாதுவும் நிலக்கரியும் இந்தக் கப்பல்களில்தான் வந்தன என்பதால், இந்த வரிசையின் சரிவை உங்கள் கட்டுமேடை நாட்காட்டியின் மேல் வைத்துப் பார்த்தால், 1944 இறுதியில் பெரிய கப்பல்களின் கோடுகள் ஏன் நடுவழியில் நிற்கின்றன என்பது விளங்கும்.

எண்களைச் சரிபார்க்கும்போது ஒரு சிக்கலை எதிர்பார்த்திருங்கள். 1945 ஆகஸ்டில் ஏராளமான கடற்படை ஆவணங்கள் எரிக்கப்பட்டன. எஞ்சியவற்றிலிருந்தும் அதிகாரிகளின் நினைவிலிருந்தும் பல அட்டவணைகள் பின்னாளில் மீட்டெழுதப்பட்டவை. அதனால் ஒரே திட்டத்தின் கப்பல் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடும். சராசரி எடுக்காமல், எந்த நூல் துணைக் கப்பல்களைச் சேர்த்திருக்கிறது, எது கற்பனை நாசகாரிகளை நீக்கியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான முரண்பாடுகள் அங்கேயே தீர்ந்துவிடும். மூல ஆவணங்களைப் பார்க்க விரும்புவோருக்கு, ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பான் மையம் எஞ்சிய கடற்படைக் கோப்புகளின் படிமங்களை இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது. ஷோவா ஆண்டையும் கப்பலின் தற்காலிக எண்ணையும் வைத்துத் தேடுவது, பெயரை மட்டும் வைத்துத் தேடுவதைவிடப் பலன் தரும், ஏனெனில் பெயர் சூட்டப்படும் வரை கோப்புகளில் அந்தக் கப்பலுக்கு எண் மட்டுமே இருந்தது.